நீரின் தந்தை

மழை ஓய்ந்த மாதத்து முதல் ஞாயிறு.
கோஜாம் மலையில் எங்கள் வட்டக் கோயில்.
தகரக் கூரைக்குக் கீழே பூசகர் மெர்ஷா
ஆட்டுத்தோல் ஏட்டைத் திருப்பினார்.
பழைய மொழி. எங்களில் பலருக்கு அது
இடியைப் போல: கேட்கும், புரியாது.
ஆகவே நிறுத்தி நிறுத்தி
எங்கள் பேச்சில் சொன்னார்.

மரங்கள் தமக்கு ஓர் அரசனைத் தேடிப் புறப்பட்டனவாம்.
ஒலிவ மரம், என் எண்ணெயை விட்டு வரமாட்டேன் என்றதாம்.
அத்தி, என் இனிப்பை விட்டு வரமாட்டேன் என்றதாம்.
திராட்சைக் கொடி தன் ரசத்தைக் காட்டித் தலையசைத்ததாம்.
கடைசியில் முட்செடியைக் கேட்டார்கள்.
முட்செடி மறுக்கவில்லை.

யாரோ இருமினார்கள்.
பிட்டெவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை,
அவ்வளவு கவனமாக.
அவன் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டான்.

நான் பார்த்தது என் கையை.
நகக்கண்ணில் தேன்மெழுகு.

மூன்று வருஷத்துக்கு முன்
ஓடையோரத்து அத்தி மரத்தடியில் கூடினோம்.
(ஆமாம், அத்திதான். ஏடு வாசித்த அன்றுதான் உறைத்தது.)
நீரின் தந்தை யார் என்று கேள்வி.
வாய்க்காலைப் பங்கிடுபவனுக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர்.
சம்பளம் இல்லை. தூக்கமும் இல்லை.
நடுநிசியில் லாந்தரோடு போய்
ஒருவன் மடையை அடைத்து
இன்னொருவன் மடையைத் திறக்க வேண்டும்.
இருவரும் ஒரே பாட்டனின் பேரன்களாய் இருப்பார்கள்.

முதலில் அஸ்ரெஸ்.
செக்கை நிறுத்தினால் எண்ணெய் கசக்கும் என்றான்.
அடுத்து வுபிட்.
என் பானைகள் சும்மா கிடந்தால்
ஊர்க் கல்யாணமெல்லாம் தாகத்தில் செத்துப்போகும் என்றாள்.
எல்லோரும் சிரித்தோம்.
பிறகு நான்.
நாற்பத்திரண்டு கூடுகள் என்றேன்.
பூக்காலம் என்றேன்.
ராணி ஈ பிரியும் நேரம் என்றேன்.
என் அடக்கத்தை மெச்சி ஒருவர் முதுகில் தட்டினார்.
அந்தத் தட்டு இன்னும் இனிக்கிறது.
வெட்கம் அதில்தான்.

பிட்டெவ் "சரி" என்றான்.
அப்போது அந்தச் சொல்
எவ்வளவு அழகாக இருந்தது.

முதல் வருஷம் முறை பிசகவில்லை.
இரண்டாம் வருஷம்
அவனுடைய யூகலிப்டஸ் கன்றுகளுக்குத் தாகம் கூடியது.
மூன்றாம் வருஷம் யெஷாரெகின் முறை
தண்ணீர் வராத இரவுகளிலேயே விழுந்தது.

ஏட்டின் முடிவில் முள்ளிலிருந்து தீ கிளம்பி
கேதுரு மரங்களை எரிக்கும் என்கிறார்கள்.
எங்களுக்கு அவ்வளவெல்லாம் நடக்கவில்லை.
யெஷாரெகின் ஒரு காணி டெஃப் கருகியது,
அவ்வளவுதான்.
அவளுக்கு இருந்ததே ஒரு காணி.

முள்ளைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை.
கழுதைப்புலி வரும் இரவில்
பட்டியைக் காப்பது முள்தான்.
நாங்களே வெட்டி, நாங்களே இழுத்துவந்து
வாசலில் சாத்தியது.
அதனிடம் போய் நிழல் கேட்டது யார்?
வேலி பயிரை மேய்ந்தது என்று சொல்லத் தெரிகிறது.
காவலுக்குப் போகாமல்
வீட்டில் தேன் வடித்தவனுக்கு
ஒரு பழமொழியும் இல்லை.

பூசை முடிந்து மெர்ஷாவிடம் கேட்டேன்:
அந்த அத்தி மரம் பிறகு என்ன ஆயிற்று?
விரலை நனைத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளினார்.
முன்னே போனார், பின்னே வந்தார்.
"அதைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை."

இன்று யெஷாரெகின் முறை.
லாந்தரை ஏற்றிக்கொண்டு போனேன்,
வழியெல்லாம் சொற்களைத் தீட்டியபடி.
மடைமேட்டில் பிட்டெவ் தனியே உட்கார்ந்திருந்தான்,
முழங்கால்வரை சேறு, கண்ணில் பல வருஷத்து விழிப்பு.
"மூன்று வருஷத்தில்
இந்த நேரத்தில் இங்கே வந்த முதல் ஆள் நீ" என்றான்.
திட்டா, நன்றியா, தெரியவில்லை.
எழுந்து மண்வெட்டியை உயர்த்தினான்.
நீட்டுகிறானா, ஓங்குகிறானா,
அதுவும் தெரியவில்லை.
வாங்கிக்கொண்டேன்.